தண்ணீர், தடம், தாய்ப்பத்திரம்

தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க விவசாயியாக இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் அந்தக் கட்டாயம் உண்டு. கர்நாடகத்தில் 2020 வரை இருந்தது. இங்கே கதவு திறந்து கிடப்பதால், ஓசூரிலும் கோவையிலும் சென்னையிலும் சம்பளம் வாங்கும் இளையவர்களும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும் இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ தேடி ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். கதவு மூடியிருப்பது வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்போருக்கும்தான். வாரிசாக வந்த நிலத்தை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். விலை கொடுத்து வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. அதனால் துபாயில் உழைத்த பணத்தில் அப்பா பெயருக்குக் கிரயம் செய்வது ஊரில் வழக்கமாகிவிட்டது. அப்பா உயில் எழுதாமல் காலமானால் அந்த நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பங்காகும் என்பதை யோசித்துவிட்டு அதில் இறங்க வேண்டும்.

நிலம் தேடுகிறவர்கள் முதலில் மண்ணின் நிறத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து சென்ட் என்ன விலை என்று கேட்கிறார்கள். இந்த அத்தியாயம் வேறு வரிசையைச் சொல்கிறது. முதலில் தண்ணீர், அடுத்தது தடம், பிறகு பத்திரம், கடைசியில்தான் மண். மெலிந்த மண்ணைத் தொழுவுரமும் தக்கைப்பூண்டும் போட்டு நாலைந்து வருடத்தில் தேற்றிவிடலாம். ஆயிரம் அடியில் புகை கிளப்பிய போர்வெல்லையும், பக்கத்துத் தோட்டத்தார் கல் நட்டு மறித்த வழியையும் தேற்ற வழி கிடையாது.

கோடையில் பாருங்கள்

தரகர்கள் நிலம் காட்ட விரும்பும் காலம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்டது. தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டுவதால், கார்த்திகையில் எந்தக் காடும் பச்சையாக இருக்கும், எந்தக் கிணற்றிலும் தண்ணீர் தெரியும். வாங்குகிறவர் போக வேண்டியது பங்குனி, சித்திரையில். ஏற்கெனவே மழைக்காலத்தில் பார்த்துப் பிடித்துப்போன நிலமாக இருந்தால், முன்பணம் கொடுப்பதைக் கோடை வரை தள்ளிப்போட முடியுமா என்று பார்க்கலாம். முடியாவிட்டால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதே மிச்சம்.

விசாரிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "ஏனுங்க, சித்திரையில இந்தக் கெணத்துல எத்தன அடி தண்ணி நிக்குமுங்க?" என்று விற்பவரிடம் கேட்டால் நல்ல பதில்தான் வரும். அதே கேள்வியைப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம், ஆண்டைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்: "பெரியப்பா, 2017 கோடையில இந்தக் கெணறு என்னாச்சுங்க?" 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது, அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையைத் தாக்குப்பிடித்த கிணறு நம்பத்தக்க கிணறு. அந்த ஆண்டு லாரித் தண்ணீர் வாங்கித் தென்னையைக் காப்பாற்றிய தோட்டம் என்றால், விலை பேசும்போது அது நினைவில் இருக்கட்டும்.

பேச்சோடு நிறுத்தாமல் மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டும். குழாய் வாயில் 20 லிட்டர் குடத்தைப் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினால் போதும். 10 நொடியில் நிரம்பினால் மணிக்கு 7,200 லிட்டர். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை நிற்கும். சொட்டுநீரில் கோடை நாளொன்றுக்கு மரத்துக்கு 80 முதல் 100 லிட்டர் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 5,600 முதல் 7,000 லிட்டர். ஆக, அந்த மோட்டார் தினமும் ஒரு மணி நேரம் விடாமல் பிடித்தால் ஒரு ஏக்கர் தென்னை பிழைக்கும். ஐந்து ஏக்கர் தோப்புக்கு ஐந்து மணி நேரம் வேண்டும். முதல் அரை மணி நேரம் பீறிட்டு வந்துவிட்டு அப்புறம் காற்றை உறிஞ்சும் கிணறுகள் நிறைய உண்டு. அதனால் மோட்டாரைப் போட்டுவிட்டு, நிலத்தைச் சுற்றி வந்து, தண்ணீர் இறங்கிய அளவையும் நின்றபின் ஊறி ஏற எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

கோவை, திருப்பூர் பக்கம் பாறைப் பூமி. ஆயிரம் அடிக்கு மேல் போன ஆழ்துளைக் கிணறுகள் அங்கே சர்வசாதாரணம். தண்ணீரே இல்லாத நிலத்தை, 'போர் போட்டுக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கையில் வாங்குவது சூதாட்டத்துக்குச் சமம். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பதற்கு முன், வேளாண் பொறியியல் துறையில் கட்டணம் கட்டி நிலத்தடி நீர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அக்கம்பக்கத்து போர்களில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது, எத்தனை குழி பொய்த்தது என்று ஒரு தாளில் குறித்து வைத்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

வாய்க்கால் பாசனம் என்றவுடன் வருடம் முழுக்கத் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. கீழ்பவானிப் பாசனத்தில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நெல்லுக்குத் தண்ணீர் விட்டால், மறு பாதிக்கு ஜனவரிக்கு மேல் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கு. அடுத்த ஆண்டு முறை மாறும். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்கள். ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். எந்த மதகு, எந்த மண்டலம், வாய்க்காலின் தலைமடையா கடைமடையா என்பதைக் கேட்காமல் 'பாசன பூமி' என்ற சொல்லுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

தண்ணீர் இருக்கிறது என்பதோடு அது என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப்போனதும், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் எல்லோரும் அறிந்தவை. அணைக்குக் கீழே நொய்யல் கரையில் கிணறுகளின் உப்பு அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. தோல் தொழிற்சாலைகளால் கெட்ட பாலாற்றுக் கரைக் கிராமங்களிலும் இதே கதைதான். இப்படிப்பட்ட பகுதிகளில் ஏக்கர் விலை மலிவாகத் தெரியும். ஒரு பாட்டில் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் உப்பின் அளவை எழுதித் தந்துவிடுவார்கள். அந்தச் சீட்டு கைக்கு வரும்வரை விலை பேசாமல் இருப்பது நல்லது.

கிணற்றோடு சேர்ந்தது மின்சாரம். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். ஆனால் புதிய இலவச இணைப்புக்கு வரிசையில் நின்றால் ஆண்டுகள் ஓடும். தட்கல் முறையில் 5 குதிரைத்திறனுக்கு 2½ லட்சம் ரூபாய், 10 குதிரைத்திறனுக்கு 3 லட்சம் என்று கட்டணம் வைத்திருந்தார்கள். எனவே ஏற்கெனவே இணைப்புள்ள நிலத்துக்கு மதிப்பு அதிகம். அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எத்தனை குதிரைத்திறன், அதில் பங்காளிகள் இருக்கிறார்களா என்று மின்வாரிய அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். தாத்தா காலத்துப் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு என்றால், பெயர் மாற்ற எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டிவரும். கிரயத்துக்கு முன்பு கேட்டால் போடுவார்கள். பணம் கைமாறிய பிறகு ஒவ்வொருவரையும் தேடிப் போக வேண்டும்.

சொத்து விவரத்தைப் படிக்கும் விதம்

பத்திரத்தில் பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிப்போவது கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தை. கொங்கு நாட்டுப் பத்திரம் ஒன்றில் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

'க.ச. 214/3 நெம்பர் புஞ்சை ஏக்கர் 5.00இல், கீழ்கண்ட செக்குபந்திக்கு உட்பட்ட, வடபுறம் ஏக்கர் 2.50 பூமியும், மேற்படி பூமியில் உள்ள கிணற்றில் 4இல் 1 பங்கும், அதில் பொருத்தியுள்ள 5 எச்.பி. மோட்டார், மின் இணைப்பில் 4இல் 1 பங்கும், முறைப்படி தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும், தென்புறம் உள்ள மாமூல் வண்டித்தடத்தில் போகவர உள்ள பாத்தியமும்.'

இந்த நாலு வரிக்குள் எத்தனை சண்டை ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். கிணற்றில் நாலில் ஒரு பங்கு என்றால் நாலு நாளைக்கு ஒருநாள்தான் முறை வரும். மேலே போட்ட தென்னைக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். வாங்குவது வடபுறம், தடம் இருப்பது தென்புறம். நடுவில் கிடப்பது மிச்ச 2½ ஏக்கர், அது விற்பவரின் தம்பி பங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தம்பியின் நிலத்தின் வழியே வண்டி போக, எத்தனை அடி அகலம், எந்த ஓரமாக என்று பத்திரத்தில் எழுதப்படவே இல்லை. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருந்தவரை யாரும் தடத்தை அளக்கவில்லை. வெளியாள் வந்து கம்பிவேலி போட்ட மறுவாரமே அளப்பார்கள். இப்படி இருந்தால், தம்பியையும் பத்திரத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்கி, '16 அடி அகலத்தில், மேற்கு ஓரமாக, லாரி, டிராக்டர் முதலான சகல வாகனங்களும் போகவர' என்று தெளிவாக எழுதி, வரைபடமும் இணைத்துப் பதிவு செய்வதுதான் வழி. அவர் மறுத்தால் வேறு நிலம் பார்க்கலாம்.

தடம் எத்தகையது என்பதைப் புலப்படம் சொல்லும். எஃப்.எம்.பி. என்று சர்வேயர்கள் குறிப்பிடுவது இதைத்தான். வண்டிப்பாதைக்குத் தனிப் புல எண் இருந்து, கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசுக்குச் சொந்தம். யாரும் மறிக்க முடியாது. கிளுவை வேலிகளுக்கு நடுவே நூறு வருடமாக வண்டி ஓடிய இட்டேரிகள் பல இப்படிப் பதிவானவை. புலப்படத்தில் இல்லாத வழி பட்டா நிலத்தின் மேல் போகும் வழி. அதற்குப் பத்திர வாசகம் மட்டுமே ஆதாரம். வாசகமும் இல்லை என்றால், பக்கத்துக்காரர் நல்ல மனதோடு விட்டிருக்கிறார் என்று பொருள். அந்த மனது அவர் பிள்ளைகளுக்கும் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நில அளவைத் துறைக்குக் கட்டணம் கட்டி, சர்வேயரை வரவழைத்து அத்துக் காட்டச் சொல்வது கிரயத்துக்கு முன்பே நடக்க வேண்டும். நாலு பக்கத்துக்காரர்களையும் கூப்பிட்டு நிற்க வைத்துக் கல் நட்டால் பின்னால் வரும் பேச்சு பாதியாகக் குறையும். அளக்கும்போது அடிக்கடி வெளிவரும் ஒரு செய்தி: வேலிக்குள் இருப்பது 2 ஏக்கர் 70 சென்ட், பட்டாவில் இருப்பது 2 ஏக்கர் 50 சென்ட். மிச்ச 20 சென்ட் ஓடைப் புறம்போக்கு. 'அனுபவத்துல இருக்குதுங்க, சேர்த்து எடுத்துக்குங்க' என்று அதற்கும் சென்ட் விலை போடுவார்கள். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஓடை ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லி எந்த நாளும் அறிவிப்பு வரலாம். அதைவிட, ஓடை தன் இடத்தைக் கேட்டு ஒரு மழைக்கு வந்துவிடும்.

அளவைகளில் ஒரு எச்சரிக்கை. பட்டா ஹெக்டேர், ஏர் என்று பேசும். பழைய பத்திரம் ஏக்கர், சென்ட் என்று பேசும். தஞ்சைப் பக்கம் இன்னும் மா, வேலி என்று பேசுவார்கள். அங்கே 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். 20 மா ஒரு வேலி, 6 ஏக்கர் 60 சென்ட்டுக்குச் சற்று மேல். வட மாவட்டங்களில் காணி என்பார்கள், 1 ஏக்கர் 32 சென்ட். குழியின் அளவே வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். எந்த அளவில் பேசினாலும் முன்பணச் சீட்டில் ஏக்கர், சென்ட்டில் எழுதிக்கொள்வது உத்தமம்.

தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை

பட்டா ஒருவருக்கு நிலம் சொந்தம் என்பதற்கு முழு ஆதாரம் ஆகிவிடாது. அது வருவாய்த் துறையின் பதிவு. 1980களில் நடந்த யூ.டி.ஆர். எனும் நிலப் பதிவேடு புதுப்பிப்புப் பணியின்போது பெயர்கள் மாறி ஏறிய பட்டாக்கள் ஏராளம். அண்ணன் பெயரில் பட்டா இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தின்படி நிலம் தம்பிக்குப் போயிருக்கும். ஆகவே தாய்ப்பத்திரத்தில் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கறிஞர் வேலை. அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். விற்பவர் கூட்டிவரும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வில்லங்கச் சான்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் வில்லங்கத்தில் ஏறாத வில்லங்கங்கள் சில உண்டு. பதிவான உயிலும்கூட அதில் வராது, உயில்களுக்குத் தனிப் புத்தகம். பதிவாகாத உடன்படிக்கை வராது. நீதிமன்றத்தில் கிடக்கும் பாக வழக்கும் பெரும்பாலும் வராது. இவற்றையெல்லாம் ஊருக்குள் டீக்கடையில் தெரிந்துகொள்ளலாம். விற்பவர் வீட்டில் எத்தனை பிறப்பு, யார் யார் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பெண் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றி இன்னும் பழைய நினைப்பே ஓடுகிறது. 'சீர் செஞ்சு அனுப்பிச்சாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க' என்பார்கள். தமிழ்நாட்டில் 1989இலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் திருத்தம் வந்துவிட்டது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் தேவையில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. பூர்வீக நிலம் என்றால் மகள்கள் அனைவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுக்கு உரிய பணமும் போய்ச் சேர வேண்டும். 18 வயது நிறையாத வாரிசு இருந்தால், அவர் பங்கை விற்கக் காப்பாளர் நீதிமன்ற அனுமதி பெற்றாக வேண்டும்.

தொடக்கூடாத நிலங்களும் இருக்கின்றன. கோயில் நிலம், வக்பு நிலம், பூமிதான நிலம், அரசு நிலம் ஆகியவற்றைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடை போடுகிறது. பஞ்சமி நிலம் என்பது 1892இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டது. அவர்களைத் தவிர மற்றவர்களுக்கு விற்றால் அந்த விற்பனை செல்லாது. பல கைகள் மாறி, பட்டாவும் மாறி, ஒன்றும் தெரியாததுபோல் அது சந்தைக்கு வரும். பழைய 'அ' பதிவேட்டையும் ஒப்படைக் கோப்பையும் பார்த்தால் தெரிந்துவிடும். நிலமே இல்லாதிருந்த மக்களுக்காகக் கொடுக்கப்பட்ட நிலத்தை, விலை மலிவு என்று இன்னொருவர் எடுத்துக்கொள்வது சட்டத்தோடு முடிந்துபோகும் தவறு அல்ல.

டெல்டாவில் இன்னொன்று. பயிர்க் கணக்கான அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் யாருடையது என்று பார்க்க வேண்டும். 1955ஆம் ஆண்டு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, பதிவு பெற்ற குத்தகைதாரரை நிலம் கைமாறியது என்பதற்காக வெளியேற்ற முடியாது. அவரோடு முதலில் உட்கார்ந்து பேசி, அவருக்கு நியாயமானதைத் தீர்த்துக் கொடுத்த பிறகே கிரயம்.

செலவுக் கணக்கில் முத்திரைத்தாள் 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. முன்பணம் கொடுத்து எழுதும் கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்துவிட வேண்டும். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும், விற்பவர் இன்னொருவரிடம் முன்பணம் வாங்குவது கடினமாகும். முழுப் புல எண்ணையும் வாங்கினால் பட்டா தானாகவே மாறும். ஒரு பகுதியை வாங்கினால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வர வேண்டும்; அது முடியும்வரை வட்டாட்சியர் அலுவலகத்தை விடக் கூடாது.

நகரத்தாரைக் குறிவைத்து 'பண்ணை மனை' என்று 20 சென்ட், 30 சென்ட்டாக வெட்டி விற்பது பெருகியிருக்கிறது. பொதுக் கிணறு, பொது மின் இணைப்பு, காவலாளி, மாதச் சந்தா. அங்கீகாரம் பெறாத மனையா, உண்மையான விவசாய நிலமா என்பதே அதில் முதல் கேள்வி. சந்தா நின்றால் தண்ணீர் யார் விடுவார் என்பது இரண்டாவது. சொந்தமாகப் பயிர் செய்ய விரும்புகிறவருக்கு இதே பணத்தில் நாலு மடங்கு உட்கிராமத்தில் கிடைக்கும்.

முதல் வருடம்

கிரயம் முடிந்த கையோடு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் ஆசையைக் கட்டி வைக்க வேண்டும். முதல் மழையில் தண்ணீர் எங்கே புகுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறுகிறது என்று குடையோடு நடந்து பார்ப்பதே முதல் வேலை. 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழும் தண்ணீர் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். அதை வரப்புக்குள் நிறுத்தினால் கிணற்றுக்குப் போகும். விட்டால் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போகும்.

புதுச்சேரி அருகே ஆரோவில் 1968இல் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மரமற்று, ஓடைகளாக அரித்துக் கிடந்தது. அங்கே வந்தவர்கள் வரப்பு கட்டித் தண்ணீரை நிறுத்தி, மரக்கன்றுகளை நட்டார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூர் அருகே வானகம் பண்ணையைத் தொடங்கியதும் வறண்ட பூமியில்தான். அங்கும் வரப்பும் குழியும் மூடாக்கும் முதலில் வந்தன. பத்து நாள் பொக்லைன் வாடகையில் சரிவுக்குக் குறுக்கே வரப்பு, தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை, இரண்டையும் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் ஐப்பசி மழை வீணாகாது. குட்டையில் எடுத்த மண்ணை வரப்புக்கே போடலாம்.

மண் மாதிரி எடுப்பதில் அவசரம் கூடாது. எருக்குழி, வரப்பு, மரநிழல் ஆகியவற்றை விட்டுவிட்டு, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, பக்கச் சுவரில் ஒரு அங்குலக் கனத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் மூலைகளைத் தள்ளிவிட்டு, மறுபடி கலந்து, அரைக் கிலோ தேறும்வரை குறைக்க வேண்டும். தென்னை, மா வைக்கிறவர்கள் மூன்றடி வரை அடிக்கு ஒரு மாதிரியாகத் தனித்தனியே எடுக்க வேண்டும். மேலே நல்ல மண் தெரிந்து இரண்டடியில் சுக்கான் பாறை தட்டும் நிலங்கள் உண்டு. கார அமில நிலை 8.5க்கு மேல் போனால் களர். ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். சாதாரண நிலத்துக்கும் முதல் போகம் சணப்பை அல்லது தக்கைப்பூண்டாக இருந்தால், பூக்கும்போது மடக்கி உழுது, அதற்குப் பிறகு எதை வைத்தாலும் நன்றாகப் பிடிக்கும்.

வேலிக்குக் கருங்கல் தூணும் கம்பியும் போட ஏக்கருக்குக் கணிசமான பணம் போகும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் போய்ப் பார்த்தால் வேறு வழி தெரியும். கிளுவை நட்ட உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், அதில் மேயும் காங்கேயம் மாடும் செம்மறியும். மானாவாரிப் பூமியில், வாரக் கடைசியில் மட்டும் வரக்கூடியவருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்றே சொல்லலாம். வெளியூரில் இருந்துகொண்டு காய்கறி போடுவது நடக்காத காரியம். தக்காளிக்கு ஆள் தினமும் வேண்டும்.

தென்னை வாங்கினால் கவலையில்லை என்ற காலமும் போய்விட்டது. இந்தியாவில் சுருள் வெள்ளை ஈ முதலில் பதிவானது 2016இல் பொள்ளாச்சியில். இப்போது ஆனைமலைப் பக்கம் கேரள வாடல் நோயும் பரவியிருக்கிறது. தோப்பு பார்க்கும்போது தாழ்ந்த மட்டை ஒன்றை வளைத்து ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சுருள் சுருளாக வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்து, கீழ் ஓலையின் மேற்பரப்பு கரி பூசியதுபோல் இருந்தால் அதுதான் வெள்ளை ஈ. நடுக்குருத்தைச் சுற்றிய ஓலைகள் விலா எலும்புபோல் உள்வளைந்து தொய்ந்திருந்தால் வாடல். மரங்களை எண்ணி விலை போடுபவரிடம், நோய்ப்பட்ட மரங்களைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

காட்டோரம் வாங்குகிறவர்கள் யானை, பன்றி வரும் வழியை விசாரிக்க வேண்டும். சூரிய மின்வேலி போடலாம்; காட்டை ஒட்டிய நிலத்தில் அதற்கு 2023 முதல் தனி விதிகளும் பதிவும் உண்டு. கம்பத்திலிருந்து நேரே கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் விடுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப் போட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் இறந்துபோயின. மனிதர்களும் ஆண்டுதோறும் சாகிறார்கள்.

அரசுத் திட்டங்களில் சொட்டுநீர் மானியத்தை விடாமல் வாங்க வேண்டும். 5 ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு, மற்றவர்களுக்கு 75. அதற்கு வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்க வேண்டும். நிலம் வாங்கியவர் பெயருக்குப் பட்டா மாறியிருந்தால்தான் அது கிடைக்கும். இலவச மின் இணைப்பு இல்லாதவர்கள் சூரிய பம்புசெட்டுக்கு வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பிக்கலாம். அங்கே பொதுப் பிரிவினருக்கு 60 விழுக்காடு மானியம் தருகிறார்கள்.

வீடு என்று வரும்போது இரண்டாம் வருடம் ஆகியிருக்கும். தண்ணீர் ஓடும் திசையும் காற்று அடிக்கும் திசையும் அதற்குள் தெரிந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்று பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் ஓட்டையே தூக்கும். மேற்கிலும் தென்மேற்கிலும் மூன்று வரிசை மரம் வைத்து, அவை தலைக்கு மேல் வளர்ந்த பிறகு மேட்டில் வீடு கட்டலாம். கழிவறைக் குழியும் மாட்டுக் கொட்டகையும் கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கம் இருக்கட்டும். ஊராட்சியில் கட்டட அனுமதி வாங்க வேண்டும், நன்செய் என்றால் நிலப் பயன்பாட்டு அனுமதி தனி. பம்புசெட்டுக்கு வந்த இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கக் கூடாது. வீட்டு இணைப்புக்குத் தனியாக விண்ணப்பித்து, கம்பம் எத்தனை நட வேண்டும், அந்தச் செலவு எவ்வளவு என்ற மதிப்பீட்டை மின்வாரியத்திடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு அஸ்திவாரம் தோண்டலாம்.